அதே பாவம் மறுபடியும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜெபக்குழு முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். "அண்ணே, விட்டுட்டேன்னு நினைச்சேன், திரும்ப வந்துடுச்சு." பல வருடமாகக் கேட்கிற வாக்கியம் இது. சொல்கிறவர் அதற்குள் பெரிய வைத்தியங்களை எல்லாம் முடித்திருப்பார்: உபவாசம், கண்ணீரோடு பொருத்தனை, முழு இரவு ஜெபம். "போனை எங்கே வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டு வயரிங்கையே பிரித்துப் போடுகிற வேலை இது.

அதனால் கீழே எல்லா அறிகுறிக்கும் ஒரே ஒழுங்கு வைத்திருக்கிறேன். செலவே இல்லாத காரணம் முதலில் வரும். மனசுக்கும் கௌரவத்துக்கும் அதிகம் செலவு வைக்கிறது பின்னால் வரும். எப்போது வெளியாள் உதவி வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய் வாசியுங்கள்.

இது மன்னிப்பு வாங்கும் வழிமுறை இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1 யோவான் 1:9 பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறார் என்கிறது. "பழக்கம் நின்று 30 நாள் ஆன பிறகு" என்று அங்கே எழுதியில்லை. மன்னிப்புப் பெற்றவர் அதே குழியில் திரும்பத் திரும்ப விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

## எதையும் தொடும் முன்: ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்

இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை யோசித்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. பிறகு நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். அவர் கத்தோலிக்கர் ஆயிற்றே என்று தயங்குகிறவர்கள் உண்டு. நோட்டும் பென்சிலும் எந்தச் சபைக்கும் சொந்தமில்லை.

புள்ளிக்குப் பக்கத்தில் மூன்று விஷயம் சேர்க்கச் சொல்வேன்: மணி என்ன, எந்த இடம், அதற்கு முந்தின அரை மணி நேரம் என்ன நடந்தது. இப்படி:

செவ்வாய், இரவு 11.40, படுக்கை. ஆபீஸ் மெயில் பார்த்தேன், பதில் போடாமல் மூடினேன்.
வியாழன், இரவு 11.55, படுக்கை. சாயந்தரம் அவளோடு சண்டை, பேசாமல் படுத்தேன்.
சனி, மதியம் 3.10, அறை. வீட்டில் யாரும் இல்லை.

மூன்றே வரிதான். ஆனால் இதைப் பார்த்த பிறகு "திடீரென்று சோதனை வந்தது" என்று சொல்ல முடியாது. சோதனை வருகிற நேரம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. முடிக்காமல் விட்ட ஏதோ ஒன்று முன்னால் நிற்கிறது, பின்னால் படுக்கையும் போனும்.

செய்த பாவத்தை விவரித்து எழுத வேண்டாம். எழுதுவதே அடுத்த சோதனையாகிவிடும். புள்ளி போதும்.

## அறிகுறி 1: கூட்டத்தில் அழுதேன், ஒப்புக்கொடுத்தேன், அடுத்த வாரமே பழையபடி

### தீர்மானம் மங்கலாக இருக்கலாம்

"இனிமேல் பரிசுத்தமாக ஜீவிப்பேன்" என்பது நல்ல ஜெபம். திங்கட்கிழமை காலையில் அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி: உங்கள் தீர்மானத்தை ஒரே வரியில் சொல்லுங்கள். அதில் ஒரு மணியோ, இடமோ, பொருளோ, ஆளோ வருகிறதா? வராவிட்டால் இன்னும் தீர்மானம் எடுக்கவில்லை, ஆசைப்பட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எபேசியர் 4:28-ல் பவுல் திருடனுக்குச் சொல்வதைப் பாருங்கள். இனித் திருடாதே என்று நிறுத்தவில்லை. கைகளினால் நலமான வேலை செய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படி சம்பாதி என்கிறார். எடுத்த கை உழைக்கிற கையாகி, கொடுக்கிற கையாக வேண்டும். உங்கள் பாவத்துக்கு இந்த வசனத்தை அதே அளவில் எழுத முடியுமா என்று பாருங்கள்.

### விட்ட இடம் காலியாகக் கிடக்கலாம்

பெருக்கி ஜோடித்த வீட்டுக்கு அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததை இயேசு சொன்னார் (லூக்கா 11:24-26). மத்தேயு எழுதும்போது அந்த வீடு வெறுமையாயிருந்தது என்றும் சேர்க்கிறார். ராத்திரி 10 முதல் 12 வரை செய்துகொண்டிருந்ததை விட்டீர்கள், சரி. இப்போது 10 முதல் 12 வரை என்ன செய்கிறீர்கள்? பதில் "ஒன்றுமில்லை" என்றால் காரணம் கிடைத்துவிட்டது. அங்கே வைக்கிற விஷயம் பக்தியானதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சீக்கிரம் தூங்குவதும் கணக்கில் சேரும்.

### உடம்பு களைத்திருக்கலாம்

சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவனோடு பேச்சு ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் (1 இராஜாக்கள் 19). பசி, தூக்கமின்மை, தனிமை, ஆறாத கோபம் இந்த நாலில் ஒன்று உங்கள் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அடிக்கடி வருகிறதா என்று நோட்டில் பாருங்கள். சரியாகத் தூங்காத வாரத்தில் எடுத்த ஆவிக்குரிய தீர்மானத்தை நான் அதிகம் நம்புவதில்லை.

### ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம்

இங்கேயிருந்து செலவு கூடுகிறது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்பது யாக்கோபு 5:16. தேவனிடம் சொல்லிவிட்டேன், மனுஷனிடம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை. இத்தனை நாளாகத் தேவனிடம் மட்டும் சொன்னீர்களே, புள்ளிகள் குறைந்தனவா என்று மட்டும் கேட்பேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு எழுதிக்கொடுத்த விதிகளில், வாராவாரம் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. கடந்த முறை சந்தித்த பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, அதிலிருந்து எப்படித் தப்பினாய் என்று நேரடியாகவே கேட்பார்கள். "எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கேன்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் சொல்லுகிறவர் உங்கள் ரகசியத்தையும் சொல்லுவார், அவர் வேண்டாம். அதிர்ச்சியடைகிறவர் வேண்டாம். "அதெல்லாம் சகஜம்ப்பா" என்று தட்டிவிடுகிறவரும் வேண்டாம். கணவனையோ மனைவியையோ தினசரிக் காவலாளியாக உட்கார வைக்காதீர்கள். அந்த உறவு தாங்காது.

### விட மனசே இல்லாமல் இருக்கலாம்

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையா? இன்று இரவே தேவன் அந்த ஆசையை வேரோடு எடுத்துவிட்டால் நிம்மதியா, இழப்பா? ஒரு நிமிஷம் உண்மையாக யோசியுங்கள். அகுஸ்தீன் வாலிபத்தில் பண்ணின ஜெபமே அதுதான்: கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம். பின்னாளில் ஆயரான பிறகு அவரே அதை வெளிப்படையாக எழுதி வைத்தார்.

இங்கே நடிப்பு உதவாது. "விட எனக்கு விருப்பமில்லை, அந்த விருப்பத்தையே நீர்தான் தரவேண்டும்" என்று ஜெபியுங்கள். விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:13 சொல்வதால் இந்த ஜெபத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

எப்போது வெளியாள்? மேலே உள்ளதை எல்லாம் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் புள்ளிகள் குறையவில்லை என்றால் போதகரிடம் போங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 2: இரவில், தனியாக, போனோடு

அதிகம் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான். ஆண்கள் மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம்.

### போன் இருக்கும் இடம்

படுக்கையறையில் சார்ஜர் இருக்கிறதா? அதை ஹாலுக்கு மாற்றுங்கள். "அலாரம் வேணுமே" என்பார்கள். அலாரம் கடிகாரம் என்று ஒரு பொருள் இன்னும் விற்கிறது. வலது கண் இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கி எறிந்துபோடு என்று இயேசு சொன்ன பேச்சின் கடுமையையும் (மத்தேயு 5:29), நாம் சார்ஜரை நகர்த்தக்கூடத் தயங்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

### தொடங்குகிற இடம்

யாரும் நேராகக் கெட்ட பக்கத்துக்குப் போவதில்லை. முதலில் செய்தி, அப்புறம் குட்டி வீடியோ, அப்புறம் அதிலேயே கொஞ்சம் வேறு மாதிரியான குட்டி வீடியோ, அப்புறம் ஒரு தேடல். யாக்கோபு 1:14-ல் "இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று படிப்படியாக வருகிறது. கடைசிப் படியில் நின்று போராடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். முதல் படி பாவம் போலவே தெரியாது, ஆனால் அங்கேதான் நிறுத்த முடியும். உங்களுக்கு முதல் படி எந்த ஆப் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள்.

யோசேப்பின் கதையில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது, எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது அவன் வஸ்திரத்தை விட்டு ஓடினது. அதற்கு முன்பே, அவளுடனே இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்கிறது. ஓடினது கடைசி நாளில். அதுவரை நித்தம் நித்தம் அவன் செய்துவந்தது தூரமாக இருந்தது. ஓடின நாளிலும் அங்கேயே நின்று ஜெபித்ததாக எழுதியில்லை.

### சும்மா இருக்கிற நேரம்

ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலத்தில் தாவீது எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகையில் உலாவினான். அங்கிருந்துதான் அடுத்தவன் மனைவியான பத்சேபாளைப் பார்த்து விழுந்தான் (2 சாமுவேல் 11). வேலை முடிந்து, வீட்டில் ஆள் இல்லாமல், ஒன்றும் செய்யத் தோன்றாத சாயங்காலங்களைக் கவனியுங்கள். அந்த நேரத்துக்கு வேறு ஆட்களோடு வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

### பூட்டுப் போடுகிற ஆப்

போடலாம். பாஸ்வேர்டு உங்களிடம் இருந்தால் போட்டும் பயனில்லை, நம்பிக்கையான இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். ஆனாலும் வழி தெரிந்தவருக்குப் பூட்டு பெரிய தடையில்லை. அது இரண்டு நிமிஷத் தாமதம் தரும். அந்த இரண்டு நிமிஷத்தில் யாருக்குப் போன் பண்ணுவீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் ஆப்புக்கு அர்த்தம் உண்டு.

### விழுந்தபின் முதல் ஒரு மணி நேரம்

ஒரே ராத்திரியில் இரண்டாவது தடவை விழுகிறவர்கள் நிறைய. "எப்படியும் கெட்டாச்சு, நாளைக்கு மனந்திரும்பிக்கலாம்" என்ற எண்ணம் வேலை செய்கிறது. அப்போது செய்ய வேண்டியது: எழுந்திருங்கள், விளக்கைப் போடுங்கள், முகம் கழுவுங்கள். 51ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். நண்பருக்கு "இன்று விழுந்தேன், நாளை பேசலாம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். தண்டனையாக விடிய விடிய முழங்காலில் நிற்க வேண்டாம். மறுநாள் களைப்பில் மறுபடி விழுவீர்கள்.

இயேசுவைத் தெரியாது என்ற பேதுருவும் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள், இருவரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் தன் பாவத்தைச் சொன்னது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கைவிட்டார்கள், தனியாகப் போய்ச் செத்தான். பேதுரு மற்றச் சீஷர்களோடு இருந்தான். உயிர்த்தெழுதல் செய்தி வந்தபோது அவனைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எப்போது வெளியாள்? வேலை, படிப்பு, பணம் அடிவாங்குகிறது. பார்ப்பதன் கடுமை கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் பெரிய பாதிப்பு வந்தும் நிறுத்த முடியவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போங்கள். கணவனிடமோ மனைவியிடமோ சொல்வதாக இருந்தால் நடுராத்திரி அழுகையில் கொட்டாதீர்கள். ஆலோசகரோடு பேசி, நாள் குறித்துச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் உங்கள் பாரம் இறங்கும், அதே நிமிஷத்தில் அவர் தலையில் ஏறும். அவருக்கும் பேச ஒரு ஆள் தேவை. இன்னொன்று: குழந்தைகள் சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் அது ஜெபக்குழுவில் தீர்க்கிற விஷயமில்லை. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சபையின் பெயர் கெடும் என்று யார் தடுத்தாலும் கேட்காதீர்கள்.

## அறிகுறி 3: சபையில் சாந்தம், வீட்டில் மட்டும் கோபம்

முதல் சோதனை: உங்கள் மேலதிகாரியிடம் இப்படிக் கத்துவீர்களா? மாட்டீர்கள் என்றால் கோபம் உங்கள் கட்டுக்குள்தான் இருக்கிறது. திருப்பி அடிக்க முடியாத ஆளைப் பார்த்து அது வெளியே வருகிறது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் "எனக்குக் கோபம் வந்தா என்ன செய்யறேன்னே தெரியாது" என்கிற சாக்கு இதோடு போய்விடும்.

எளிய காரணம் பசியும், வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முதல் அரை மணியும். அந்த அரை மணியில் மார்க் ஷீட், பில், புகார் எதுவும் பேசுவதில்லை என்று வீட்டாரோடு ஒப்பந்தம் போடுங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நேரம் மாறும், நோட்டு சொல்லும்.

அடுத்தது, வேறு யார் மேலேயோ உள்ள கோபம். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்கிறது எபேசியர் 4:26. பத்து வருஷத்துக்கு முந்தின அஸ்தமனத்திலிருந்து கணக்குத் தீராமல் கிடந்தால், இன்று தட்டு கீழே விழுந்ததற்குப் பிள்ளைக்கு விழுகிற திட்டில் அந்தப் பத்து வருஷமும் சேர்ந்திருக்கும்.

செலவு அதிகமான வைத்தியம் மன்னிப்புக் கேட்பது, முக்கியமாகப் பிள்ளைகளிடம். "நான் கத்தினது தப்பு. நீ தட்டைப் போட்டது சின்ன விஷயம். என்னை மன்னிச்சிடு." இதோடு நிறுத்திவிட வேண்டும். "ஆனா நீயும் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கலாம்" என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கினால்தான் இது மன்னிப்பு. பிள்ளை ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று சொன்னது (மத்தேயு 5:23-24) வீட்டுக்கு வெளியே இருக்கிற சகோதரனுக்கு மட்டும் இல்லை.

எப்போது வெளியாள்? கை ஓங்கினாலே அந்தக் கட்டம் வந்துவிட்டது. பொருளை எறிவது, வீட்டார் உங்கள் காலடிச் சத்தத்துக்குப் பயப்படுவது, இவையும் அதே கட்டம். அடி வாங்குகிறவர் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. ஆலோசனை, ஒப்புரவு எல்லாம் அதன் பிறகு. "பொறுத்துக்கோம்மா, ஜெபி" என்று அனுப்பி வைப்பவர் யாராக இருந்தாலும் அது தவறான ஆலோசனை. இன்னொரு பக்கம், சாந்தமாக இருந்தவர் சில மாதத்தில் சிடுசிடுப்பாக மாறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு எல்லாமே எரிச்சலாக வெளிப்படும்.

## அறிகுறி 4: வாய்

புறங்கூறல். விசுவாசிகள் நடுவில் இது "ஜெபக்குறிப்பு" வேஷத்தில் வரும். "அவங்க வீட்டுக்காக ஜெபிக்கணும், ஏன்னா..." என்கிற அந்த "ஏன்னா"வில்தான் விஷயம் இருக்கிறது. ஜெபிக்க அந்த விவரம் தேவையா? சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் வாயை மூடுங்கள். கேட்கிற இடத்தில் இருந்தால், "சரி, இப்பவே ஜெபிச்சிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று நிற்கும். விறகில்லாமல் நெருப்பு அவியும் (நீதிமொழிகள் 26:20).

சின்னப் பொய். "வந்துட்டே இருக்கேன்" வகை. வைத்தியம் ஒன்றுதான்: சொன்ன ஆளிடமே அன்றைக்கே திருத்துவது. "காலையில கிளம்பிட்டேன்னு சொன்னேன், அப்போ கிளம்பவில்லை." இரண்டு தடவை இப்படிச் சொல்லிப் பார்த்தால் வெட்கத்திலேயே மூன்றாவது பொய் தொண்டையில் நிற்கும்.

பணத்தில் பொய். அறிக்கை மட்டும் போதாது, திரும்பக் கொடுக்க வேண்டும். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். தொகை பெரியது, வழக்கு வரலாம் என்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். தப்பிக்க வழி கேட்கப் போகாதீர்கள், ஒழுங்காகத் திரும்பக் கொடுக்க வழி கேளுங்கள்.

## அறிகுறி 5: குடி, மாத்திரை, சூதாட்டம்

இங்கே படிப்படியாகப் போக வேண்டாம். நேராக மருத்துவர்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் "இயேசுவின் நாமத்தில் இன்றோடு விட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பில் தொடங்கி வலிப்பு, சித்தப்பிரமை வரை போகும். நிறுத்தின முதல் சில நாள்கள்தான் அதிக ஆபத்தானவை. சில தூக்க மாத்திரைகளும் இப்படித்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. அதன் பிறகு குழு வேண்டும். 1935-ல் தொடங்கின ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வேர் ஒரு கிறிஸ்தவக் குழுவில் இருந்ததால், குற்றத்தை அறிக்கையிடுவதும் ஈடுசெய்வதும் அதன் படிகளில் இருக்கின்றன.

சூதாட்டம் என்றால் வங்கிக் கணக்கும் போனில் பணம் அனுப்புகிற வசதியும் அன்றைக்கே வேறொருவர் கையில் போக வேண்டும். வீட்டார் கடனை அடைத்துவிட்டு, கணக்கைச் சூதாடுகிறவர் கையிலேயே விட்டால், அடுத்த கடனுக்கு இடம் கொடுத்ததாகத்தான் முடியும்.

## அறிகுறி 6: அறிக்கை செய்துகொண்டே இருக்கிறேன், நிம்மதி இல்லை

இது மற்ற எல்லாவற்றுக்கும் எதிர்த்திசை. இவர்களுக்கு மேலே சொன்ன நோட்டு வேண்டாம், தயவுசெய்து எழுதாதீர்கள். நோய்க்கு அது தீனி.

எப்படி அடையாளம் காண்பது? புதிதாக ஒன்றும் செய்யவில்லை, ஏற்கெனவே அறிக்கையிட்டதையே மறுபடி அறிக்கையிடுகிறீர்கள். "சரியா சொன்னேனா, முழு மனசோட சொன்னேனா" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். சொன்னதும் கொஞ்ச நேரம் லேசாக இருக்கிறது, பிறகு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஜெபிக்கும்போதே தேவதூஷணமான எண்ணம் வந்து மோதுகிறது. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறீர்கள்.

மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்தபோது ஸ்டௌபிட்ஸ் என்ற மூத்த குருவிடம் மணிக்கணக்கில் அறிக்கையிட்டு அவரைக் களைக்க வைத்தார். இஞ்ஞாசியாரும் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் இதே வேதனையில் தவித்தார். விசுவாசம் குறைந்தவர்களுக்கு வருவது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2 கொரிந்தியர் 7:10 தேவனுக்கேற்ற துக்கத்தையும் லௌகிக துக்கத்தையும் பிரிக்கிறது. முதலாவது ஒரு குறிப்பிட்ட செயலைக் காட்டும், அதைச் சரிசெய்ததும் போய்விடும். என்ன செய்தேன் என்றே சொல்ல முடியாமல் "நான் கெட்டவன்" என்ற சத்தம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு மேலும் மேலும் அறிக்கை பதில் இல்லை.

செய்ய வேண்டியது: ஒரே ஒரு போதகரையோ குருவையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாவத்தை ஒரே தடவை சொல்லுங்கள். மறுபடி சொல்லத் தோன்றும்போது சொல்லாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருங்கள். கூட இருப்பவர்கள் "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று நாளுக்குப் பத்துத் தடவை உறுதி சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள், ஆனால் அதுவே சுழலைச் சுற்றிவிடுகிறது.

எப்போது வெளியாள்? சீக்கிரமே. இது பெரும்பாலும் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகை. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூட இருப்பவர்கள் அவரைத் தனியாக விடாதீர்கள்.

## அறிகுறி 7: தப்பு என்று தெரிகிறது, குத்தவே இல்லை

பாட்டு, சாப்பாடு, பிள்ளைகள், நண்பர்கள் எதுவுமே மனசைத் தொடவில்லையா? அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவர்.

மற்றதெல்லாம் தொடுகிறது, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரத்துப்போயிருக்கிறதா? அப்படியானால் உங்களுக்கு ஒரு நாத்தான் வேண்டும், தாவீது ராஜாவின் பாவத்தை அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன தீர்க்கதரிசி. பத்சேபாளுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் நாத்தான் வந்தான். அதுவரை தாவீது வாய் திறக்கவில்லை. நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையில் வந்த ஐசுவரியவான் மேல் அவனுக்குக் கோபம் வந்தது, தன் மேல் வரவில்லை. அடுத்தவரின் இதே குற்றத்தைப் பார்த்து உங்களுக்கும் அளவுக்கு மீறிக் கோபம் வருகிறதா என்று கவனியுங்கள். "நான் செய்வதில் உனக்குத் தப்பாகத் தெரிவதை மறைக்காமல் சொல்" என்று ஒரு நண்பருக்கு அனுமதி கொடுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

## போதகரிடம் போகும்போது

முதலில் ரகசியத்தைப் பற்றிக் கேளுங்கள். கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மீற முடியாத சட்டம். மற்றச் சபைகளில் அது போதகரைப் பொறுத்தது. "இது உங்கள் வீட்டில்கூடத் தெரியக்கூடாது, முடியுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. ஒரு பிள்ளைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் ரகசியம் காக்க முடியாது என்று நல்ல போதகர் அவரே சொல்லிவிடுவார்.

கேட்காமலே பிசாசைத் துரத்தத் தொடங்குகிறவர், மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், உங்கள் கதையைப் பெயரில்லாமல் பிரசங்கத்தில் சொல்கிறவர், இவர்களை விட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். கலாத்தியர் 6:1 கேட்பது சாந்தமுள்ள ஆவியோடு சீர்பொருந்தப்பண்ணுகிற ஆளை.

முதல் வாக்கியத்தைப் பேப்பரில் எழுதிக் கொண்டுபோங்கள். வீட்டில் யோசித்து வைத்தது அவர் முகத்தைப் பார்த்ததும் "சும்மா, ஜெபத்துக்காக வந்தேன் ஐயா" என்று மாறிவிடும். "எனக்கு இன்ன பழக்கம் இருக்கிறது, இத்தனை நாளாக, இதெல்லாம் செய்து பார்த்தேன்" என்று மூன்று வரி போதும். வாய் வரவில்லை என்றால் பேப்பரையே கையில் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிற நேரத்தில் வேண்டாம். வார நாளில் போன் பண்ணி, ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.